சங்கிலி ஸ்ரீவில்லிபுத்தூரில், கடிகாரம் ராஜபாளையத்தில்

எங்கள் அலுவலகத்தில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. சிங்கப்பூர் போய்வந்தவர்கள் ஒரு வகை. அவர்கள் திரும்பி வந்து ஒரு மாதம் வரை, பேனா மை தீர்ந்துவிட்டது என்று சொன்னால்கூட, "அங்கேயெல்லாம்..." என்றுதான் பதிலை ஆரம்பிப்பார்கள். போகாதவர்கள் இன்னொரு வகை. அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1987 ஆனி மாதத்தில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போய்வந்தேன். கும்பகோணத்துக்காரிக்கு இரண்டுமே வெளியூர்தான். ஆகவே எனக்கும் "அங்கேயெல்லாம்" என்று ஆரம்பிக்க உரிமை உண்டு.

போன காரியம், பழைய தங்கப் பாக்கெட் கடிகாரம் ஒன்று. மற்றப் பெண்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தங்கத்தை நான் மூடி போட்டு உள்ளே முள்ளை ஓடவிட்டு வைத்திருக்கிறேன், வித்தியாசம் அவ்வளவுதான். என் கல்யாணத்துக்குப் போட்ட இரட்டை வடத்தை விற்று முதல் கடிகாரத்தை வாங்கினேன். அடுத்த கடிகாரங்களில் வளையல்கள் போயின. "தங்கமும் போச்சு, நேரமும் சரியா காட்டல" என்று என் கணவர் சொன்னார். அதோடு சரி, நான் கடிகாரங்களை வைத்திருக்கும் பெட்டிப் பக்கம் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

பத்திரிகையில் நான் கொடுத்திருந்த சின்ன விளம்பரத்தைப் பார்த்து ராஜபாளையத்திலிருந்து ஞானமுத்து என்ற தரகர் டிரங்கால் போட்டார். "தங்கக் கடியாரம்மா. டபுள் மூடி. வெள்ளக்காரக் கலெக்டர் குடுத்தது. ஒடனே வாங்க." அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. தமிழ்நாட்டில் எந்தப் பழைய வீட்டில் எந்தத் தங்கக் கடிகாரத்தை எடுத்தாலும் அதை ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர்தான் கொடுத்திருப்பார். இத்தனையையும் வாரிக் கொடுத்துவிட்டு அந்த மனிதர்கள் மணி பார்க்க என்ன செய்தார்கள் என்பது தெரியவில்லை.

முதல் நாள் காலை ரயிலிலிருந்து இறங்கியதும் கண்ணில் பட்டது மலை. ஊருக்கு மேற்கே யாரும் கேட்காமல் அது பாட்டுக்கு நிற்கிறது. எங்கள் பக்கத்தில் மலையென்று காட்ட ஒன்றும் கிடையாது; சுவாமிமலையையே நாங்கள் படி கட்டித்தான் மலையாக்கியிருக்கிறோம். மலையிலிருந்து சாரல் காற்று வந்துகொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் துணிப்பையோடு ஒரு மனிதர் என்னை நோக்கி வந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளை நாய்க்குட்டி எட்டிப் பார்த்தது.

"கடியார அம்மாவா? நாந்தான் ஞானமுத்து. சார் பின்னால வாராவளா?"

"சார் வரல. வாங்கறது நான்தான்."

"நீங்களா?" என் புடவையை மேலும் கீழும் பார்த்தார். "பாக்கெட் வாச்சு வைக்க ஒங்களுக்குப் பாக்கெட்டே இல்லையேம்மா."

அவர் தரகு பார்ப்பது வீடு, மனை, நாய்க்குட்டி, மாப்பிள்ளை. கடிகாரம் இதுதான் முதல் தடவை. நாய்க்குட்டி வேறொரு வாடிக்கையாளருக்கு. ஆட்டோவில் ஏறியதும் குட்டியை என் மடியில் வைத்துவிட்டார். ஆட்டோவைத் தள்ள அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. நானும் குட்டியும் கம்பீரமாக உட்கார்ந்திருக்க, ஓட்டுநரும் தரகரும் எங்களைப் பாதி ஊர் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். கடைவாசலில் நின்ற ஒருவர், "ஏலே ஞானமுத்து, தேர் இழுக்கியா?" என்று கேட்டார்.

ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். இட்லியைக் குறை சொல்ல முடியாது, சொல்ல முயன்றேன். காபி இனிப்பாக, சூடாக, பழுப்பாக இருந்தது. மூன்றும் காபிக்குரிய லட்சணங்கள்தான். ஆனால் எங்கள் ஊரில் காபித்தூள் என்று நான்காவதாக ஒன்றையும் சேர்ப்போம்.

கடிகாரத்துக்குச் சொந்தக்காரர் வெங்கட்ராம ராஜா. வயது எழுபதை நெருங்கியவர். புண்ணுக்குக் கட்டும் துணி நெய்து அனுப்பும் ஆலை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத் தெருக்களில் எங்கே பார்த்தாலும் வெள்ளைத் துணி காய்கிறது. இந்தியா முழுவதும் ஒரே நாளில் தடுக்கி விழுந்தாலும் கட்டுப்போட ராஜபாளையம் தயாராக இருக்கிறது. வீட்டில் அவரும் மனைவி லட்சுமியம்மாவும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள், என்னிடம் தமிழில். எனக்குத் தெலுங்கு தெரியாது.

"அம்மாவுக்கு என்ன உத்தியோகம்?"

"கருவூலத்துல கண்காணிப்பாளர்."

"கஜானாவா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லட்சுமியம்மா எழுந்துபோய் உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வருமான வரிக்கும் கருவூலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி, அவர்கள் நம்பி, கதவு மறுபடி திறக்க, ஒரு தம்ளர் மோர் குடிக்கும் நேரம் ஆனது.

பிறகு இரும்புப் பெட்டியிலிருந்து பட்டுத்துணி முடிச்சு வந்தது. பிரித்தார். கிண்டலை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். உள்ளங்கை நிறையும் அளவு. மேல்மூடியில் கொடி வேலைப்பாடு, விரல் பட்டுப் பட்டுப் பாதி தேய்ந்தது. மூடியைத் திறந்தால் பால் போன்ற முகம், ரோமன் எண்கள், நீல நிற முட்கள். பின்மூடிக்கு உள்ளே இன்னொரு மூடி. அதில் சாவி போடும் துளை. சுவிட்சர்லாந்து வேலை. என்னிடம் இருப்பவற்றை எல்லாம் இதன் பக்கத்தில் வைத்தால் வேலைக்காரர்கள் போலத் தெரியும்.

"ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடாது."

"ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல. சாவி இல்ல."

"தொலஞ்சுபோச்சா?"

"ஏன் தொலையுது? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கு."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. ஞானமுத்து என்னை மாமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் அப்பா இறந்தபிறகு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தார்கள். ஆலை ஒருவருக்கு, தோப்பு ஒருவருக்கு என்று எல்லாம் சுமுகமாக முடிந்தது. கடைசியில் கடிகாரம் நின்றது. பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்கள் ஆசாரியிடம் தராசை வாங்கி வரச் சொன்னார்கள். ஒரு தட்டில் கடிகாரம். மறு தட்டில் அதன் தங்கச் சங்கிலியும் தங்கச் சாவியும். தட்டுகள் நேராக நின்றன. "கடவுளே பாகம் பிரிச்சுக் குடுத்த மாதிரில்லா இருக்கு!" என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். அண்ணனுக்குக் கடிகாரம், தம்பிக்குச் சங்கிலியும் சாவியும். கடிகாரத்துக்குள்ளே இருந்த பித்தளைச் சக்கரங்களும் எஃகுச் சுருளும் அன்று தங்கமாக எடை போடப்பட்டன என்பதோ, ஒன்றில்லாமல் மற்றது எதற்கும் உதவாது என்பதோ அந்த நியாயத்தில் குறுக்கே வரவில்லை. அன்றைக்கு நின்ற கடிகாரம்தான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதும் அன்றோடு சரி.

நான் உள்ளே போய்க் கைப்பையைத் திறந்தேன். கடிகாரம் தேடிப் போகிறவள் சாவிக் கொத்து இல்லாமல் போவதில்லை. எல்லா அளவிலும் இருந்தது. "இதுல ஒண்ணு கண்டிப்பா சேரும்" என்றேன்.

ராஜா கடிகாரத்தைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார். "கண்ட சாவியும் போட இது என்ன வண்டிப்பேட்டைப் பூட்டா? எங்க சாவி வந்தா ஓடும். வரலன்னா ஓட வேண்டாம்."

"அப்போ விக்கறீங்களா, இல்லையா?"

"தம்பி சங்கிலியையும் சாவியையும் குடுத்தா நானும் குடுப்பேன். அவன் முதல்ல சொல்லணும்." கொஞ்சம் யோசித்தார். "நான் கேட்டுவிட்டதாச் சொல்லப்படாது. பொறவு, அவன் ஒடம்பு எப்படி இருக்குன்னு சும்மா பாத்துட்டு வாங்க. அதையும் நான் சொன்னதாச் சொல்லப்படாது."

அன்று மாலை விடுதிக்கு எதிரே பரோட்டாக் கடை. நான் சைவம் என்றேன். "அதுக்கென்னம்மா" என்று கடைக்காரர் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே எதையோ ஊற்ற வந்தார். அது என்ன என்று கேட்டேன். "சால்னாதான். கறித்துண்ட எல்லாம் எடுத்தாச்சு, வெறும் கொழம்பு. சைவந்தான்." சைவத்துக்கு இத்தனை தாராளமான விளக்கத்தைக் கேள்விப்பட்டதில்லை. பரோட்டாவைச் சீனி தொட்டுச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். பேருந்து நிலையத்தில் குற்றாலம் போகிறவர்கள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தார்கள். அருவி வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரரும் எண்ணெய்க் குளியல் முடித்துவிடுவார். "எந்த பஸ்ஸும் போவும்மா, ஏறுங்க" என்று என்னை ஒன்றில் ஏற்றிவிட்டு ஞானமுத்து மொபெட்டில் முன்னால் போனார். எந்த பஸ்ஸும் போகத்தான் செய்கிறது. நான் ஏறியது மம்சாபுரம் வழியாகப் போனது. மம்சாபுரத்தில் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கித் தெருவுக்குள் நடந்தார்.

பக்கத்தில் இருந்த அம்மாளிடம் என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அவரு சம்மந்தி வீட்டுல துஷ்டி. கேட்டுட்டு வந்துருவாரு."

"துக்கம் விசாரிக்கவா? பஸ்ஸை நிறுத்திட்டா?"

"பொறவு ஓட்டிக்கிட்டேவா கேக்க முடியும்? நீங்க எந்த ஊரு?"

"கும்பகோணம்."

"அங்கன துஷ்டி கேக்க மாட்டாவளா?" என்று அந்த அம்மாள் என் ஊருக்காக வருத்தப்பட்டார். ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து ஏறினார். வண்டியில் இருந்தவர்கள் மரியாதைக்குச் செத்த நேரம் பேசாமல் வந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் எல்லாத் தெரு முனையிலும் நம்மை எட்டிப் பார்க்கிறது. வழி தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் வசதி இல்லை. பால்கோவாக் கடைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் தான் மட்டுமே அசல் என்று பலகை வைத்திருந்தது. நான்கு அசலை வாங்கித் தின்று பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன, எல்லாம் நன்றாக இருந்தன. கும்பகோணத்தில் இதற்குச் சமமாக எதைச் சொல்லலாம் என்று மத்தியானம் வரை யோசித்தேன். வெற்றிலை நினைவுக்கு வந்தது. வெற்றிலை இனிக்காது.

தம்பி நாராயண ராஜா அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். யூரியா மூட்டைகளுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையில், மார்புக்குக் குறுக்கே தடித்த தங்கச் சங்கிலி மின்ன உட்கார்ந்திருந்தார். சங்கிலியின் முனை சட்டைப்பைக்குள் போயிருந்தது. நான் வந்த விவரம் சொன்னதும் அவர் சங்கிலியைப் பிடித்துப் பைக்குள்ளிருந்து இழுத்தார். முனையில் கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சாவி தொங்கியது. அதை உற்றுப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டாச்சு, சாப்பிட்டியளா?" என்றார்.

"சாவியும் சங்கிலியும் விலைக்கு வேணும்" என்றேன்.

"அண்ணன் கடியாரத்தக் குடுத்துட்டாரா?"

"நீங்க சொன்னா அவரும் சொல்வார்."

"அவரு சொல்லட்டும், பொறவு நான் சொல்லுதேன். பெரியவரு அவருல்லா?" சாவியைத் துண்டால் துடைத்தார். "கடியாரத்தத் தொடச்சு வச்சிருக்காவளா? முகத்துல கீறல் ஒண்ணும் விழலையே?"

"இல்ல."

"அவுகளுக்கு முட்டுவலி எப்படி இருக்காம்? நான் கேட்டதாச் சொல்ல வேண்டாம்."

உரம் வாங்க வந்த கூமாப்பட்டி விவசாயி ஒருவர் குறுக்கே விழுந்து சொன்னார்: "அம்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. ஆவணியில இவரு மக கல்யாணம். இன்னும் பத்திரிகை அடிக்கல. அண்ணன் பேரு போடாம அடிக்க இவருக்கு மனசு வரல, அவருகிட்டப் போய்க் கேக்கவும் மனசு வரல. அச்சாபீஸ்காரன் வந்து வந்து பாத்துட்டுப் போறான்."

"ஏலே, ஒனக்கு மூட்டை எம்புட்டு வேணும்னு மட்டும் சொல்லு" என்றார் நாராயண ராஜா.

ஆனாலும் அவரே பிறகு சொன்னார். அவர்கள் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் மணவறைக்குப் பக்கத்தில் அப்பா அந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்பார். ஐயர் மந்திரத்தை முடித்திருக்கலாம், மேளக்காரர் தயாராக இருக்கலாம். அப்பா மூடியைத் திறந்து பார்த்து, "ம்" என்றால்தான் தாலி ஏறும். "இப்ப சொவத்துக் கடியாரத்தப் பாத்தா என் மகளுக்குத் தாலி கட்டுவாவ?" மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வேண்டும் என்று ஒரு வரியில் முடிகிற விஷயம். அதைச் சொல்லாமல் இருப்பதற்காக அவர் மத்தியானம் முழுவதும் கடிகாரத்தைப் பற்றிப் பேசினார்.

என் கவலை வேறு. இந்தக் கடிகாரம் எனக்கு வேண்டும். அதற்கு இருவரும் ஒரே நேரத்தில் சரி என்று சொல்ல வேண்டும். அரசாங்க உத்தியோகத்தில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு இது தெரியாதா? இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து வேண்டுமென்றால் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட வேண்டும். "ஓடிக் காட்டினாத்தான் வாங்குவேன்" என்றேன். "நாளைக்கு அண்ணன் வீட்டுக்குச் சாவியோட வாங்க."

"அவரு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சாமி முன்னால சொல்லியிருக்கேன்."

அதுவரை பேசாமல் இருந்த ஞானமுத்து, "வாசப்படியத்தானே? கொல்லைப் பக்கம் படியே கெடையாது" என்றார்.

மூன்றாம் நாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பிரமுகர் ஒருவர், வெள்ளை வேட்டியும் தங்கச் சங்கிலியுமாக, அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறம் வழியாக, மாட்டுத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். நாய்கள் குரைத்தன. பிறகு ஆளை அடையாளம் கண்டு வாலை ஆட்டின. நாய்களுக்குப் பாகப்பிரிவினை பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் நான். பேச்சு என் வழியாக நடந்தது.

"சாவிய மேசையில வைக்கச் சொல்லுங்கம்மா" என்றார் அண்ணன், தம்பியைப் பார்க்காமல்.

"கடியாரம் மொதல்ல வரட்டும்னு சொல்லுங்க" என்றார் தம்பி, ஜன்னலைப் பார்த்து.

கடிகாரம் வந்தது, சாவியும் வந்தது. யார் சாவி கொடுப்பது? தம்பி கையில் கடிகாரத்தைக் கொடுக்க அண்ணன் தயாரில்லை. அண்ணன் கையில் சாவியைக் கொடுக்கத் தம்பி தயாரில்லை. "கொடுங்க, நானே பண்றேன்" என்று கை நீட்டினேன்.

"நீங்க தொடப்படாது!" என்றார்கள் இருவரும். ஆறு வருடத்தில் அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம்.

லட்சுமியம்மா அடுப்படி வாசலில் நின்றபடி, "மாமா இருக்கையில எப்படிச் செய்வியளோ அப்படிச் செய்யுங்க" என்றார். பிள்ளைகளாக இருந்தபோது தினமும் காலையில் அண்ணன் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள, தம்பி சாவி கொடுப்பாராம். இரண்டு கிழவர்களும் நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார்கள். அண்ணன் கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்தார். தம்பி சாவியைத் துளையில் விட்டார், திருப்பினார். சங்கிலி இருவர் மடியிலும் கிடந்தது. அந்தச் சின்னக் கரகர சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு டிக் டிக் என்று வந்தது. வந்து, நின்றுவிட்டது.

அண்ணன் தலையை நிமிர்த்தித் தெலுங்கில் ஏதோ கத்தினார். தம்பி அதைவிட உரக்கக் கத்தினார். பேசாமல் இருக்கிறோம் என்பது இருவருக்கும் மறந்துபோனது. நான் லட்சுமியம்மா பக்கம் நகர்ந்து, "என்ன சொல்றாங்க?" என்றேன்.

"'ஒனக்கு எப்பவுமே கைப்பதம் கெடையாது, பம்பரத்தையே ஒடச்சவன் நீ'ங்காவ இவுக."

தம்பி எழுந்து நின்றார்.

"'ஒடச்சது நீ, அடி வாங்கினது நான்'ங்காரு கொழுந்தனாரு."

"இது எப்போ நடந்தது?"

"யாருக்குத் தெரியும்? எனக்குக் கல்யாணம் ஆவதுக்கு முந்தி போல. இம்புட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்கேன்" என்று அவர் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. அண்ணன் குரல் தாழ்ந்திருந்தது. லட்சுமியம்மா மெதுவாகச் சொன்னார்: "'அப்பா போன அன்னைக்கு, ஒடம்ப எடுக்கதுக்கு முன்னாலயே நீ ஏன் சாவிய எடுத்து மடியில வச்ச'ன்னு கேக்காவ."

தம்பி சங்கிலியைக் கையில் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"'நீ கடியாரத்த எடுத்தே, எனக்கும் அப்பாவோடது ஒண்ணு வேண்டாமா'ங்காரு."

அண்ணன் கடிகாரத்தைத் திருப்பி, அதன் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். அப்பா அப்படித்தான் தட்டுவாராம். காதில் வைத்துக் கேட்டார். பிறகு கையை நீட்டித் தம்பி காதில் வைத்தார். தம்பி ஒரே ஒரு சொல் சொன்னார். "அன்னா." இதற்கு மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

கடிகாரம் ஓடியது. என் காரியம் பழமாகிவிட்டது என்று நினைத்துக் கைப்பையைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "தப்பா நெனைக்காதிய. கல்யாணம் வருது. நேரம் பாத்துச் சொல்ல நான் இருக்கணும்லா? கடியாரத்தக் குடுக்கதுக்கில்ல." தம்பியும் கை கூப்பினார். இரண்டு நாள் பாடுபட்டு அண்ணன் தம்பியை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தேன். அந்த முடிவு, எனக்கு விற்பதில்லை என்பது.

ஞானமுத்து தன் கமிஷன் என்ன ஆவது என்று கேட்டார். ஒரு கூடை சப்பட்டை மாம்பழம் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வெட்டித் தந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு பழம் கிடையாது. அந்த நிலைமையில் இதை ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான் அடுத்தது ஆரம்பித்தது. சங்கிலியைக் கடிகாரத்தில் கோத்துவிட்டார்கள். கோத்ததை இனிப் பிரிப்பதில்லை என்று முடிவும் செய்துவிட்டார்கள். சரி, யார் வீட்டில் இருப்பது? "மூத்தவன் வீட்டுல" என்றார் அண்ணன். "கல்யாண வீட்டுல" என்றார் தம்பி. இருவரும் நாற்காலிகளைப் பின்னால் நகர்த்தினார்கள். தெலுங்கு மறுபடி உயர ஆரம்பித்தது.

லட்சுமியம்மா மேசையிலிருந்த கடிகாரத்தைச் சங்கிலியோடு எடுத்து என் கையில் வைத்தார். "கஜானா அம்மாகிட்ட இருக்கட்டும். கல்யாணத்துக்குக் கொண்டாருவாவ."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கஜானாவுல இருந்தா கவர்மெண்டுகிட்ட இருந்த மாதிரி" என்றார் அண்ணன்.

"ஐயா, கஜானா வேற, என் வீட்டு பீரோ வேற" என்றேன். யார் காதிலும் விழவில்லை. அந்தக் கடிகாரத்துக்காக ஊர் விட்டு ஊர் வந்தவள் நான். உலகத்தில் அதன்மேல் அதிக ஆசை வைத்திருக்கும் ஆள் யார் என்று தேடிப் பிடித்து அவளிடமே ஒப்படைத்தார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பூனையிடம் மாம்பழத்தையும் கொடுத்து வழியனுப்பியதை ராஜபாளையத்தில்தான் பார்த்தேன்.

"ஒரு நாள் சாவி குடுக்காம விட்டுராதிய" என்றார் அண்ணன்.

"ரொம்பவும் முறுக்கிராதிய" என்றார் தம்பி.

ஆவணியில் மறுபடி போனேன். பத்திரிகையில் அண்ணன் பெயர் மேலே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் சகோதரர்கள் இருவருமே வந்து நின்றார்கள். பயணம் சௌகரியமா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் இருந்த கைக்கடிகாரங்கள் எல்லாம் ஆளுக்கொரு மணி காட்டின. ஐயர் அண்ணன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். தம்பி சங்கிலியைப் பிடித்திருக்க, அண்ணன் மூடியைத் திறந்து பார்த்து, "ம்" என்றார். தாலி ஏறியது. அந்தக் கடிகாரம் தினமும் பின்தங்கும் என்பதையும், அன்று காலை வானொலியைக் கேட்டு நான் முள்ளைத் திருப்பி வைத்திராவிட்டால் ராகுகாலத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போயிருப்பார்கள் என்பதையும் என்னிடம் யாரும் விசாரிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பந்தி முடிந்ததும் கடிகாரத்தைத் தாம்பாளத்தில் வைத்து இருவர் முன்னாலும் நீட்டினேன்.

"தம்பியே கொண்டு போவட்டும்" என்றார் அண்ணன். "என் வீட்டுல ஆறு வருஷம் இருந்துச்சுல்லா."

"அதெப்படி? அண்ணன் வீட்டுலதான் இருக்கணும்" என்றார் தம்பி.

"நான் சொன்னா கேக்க மாட்டியா?"

"நீங்க நான் சொன்னத என்னைக்குக் கேட்டிய?"

அடுத்த வாக்கியம் தெலுங்கில் வந்தது. லட்சுமியம்மா ஓடி வந்து கடிகாரத்தை எடுத்து என் பைக்குள் போட்டுப் பூட்டினார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கௌம்புங்க. அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டாங்க."

"அடுத்தது யாருக்கு?"

"எங்க பேரனுக்கு. இப்ப அவனுக்கு நாலு வயசு."

அண்ணனிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் மாதம் ஒரு கார்டு தனித்தனியாக வருகிறது. கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்கிறார்கள். விசாரித்தது மற்றவருக்குத் தெரிய வேண்டாம் என்று இருவருமே எழுதுகிறார்கள். நான் விலை கொடுத்து வாங்கிய கடிகாரங்கள் பெட்டியில் பஞ்சுக்குள் தூங்குகின்றன. அவற்றில் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்திராத என் கணவர், தினமும் காலையில் பல் தேய்க்கும் முன் என்னிடம் வந்து நிற்கிறார்.

"அவங்க கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துட்டியா? அடுத்தவங்க பொருள், நின்னுடப் போறது."